எந்தப் பக்கம்?

என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் காபியைக் குடித்து முடித்ததும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கண்ணுக்கு நேரே தூக்கி, கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெள்ளி டம்ளர். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. அடியில் அந்த வீட்டுக்காரியின் பெயர் வெட்டியிருந்தது. அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

“பேச்சியம்மாள். இது யாரு?”

அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. “பக்கத்து வீட்டு மதினி” என்றாள்.

“அப்ப உங்க வீட்டு டம்ளரு?”

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை விவரமான ஆள் என்று அப்பாவுக்குப் பெருமை வேறு. டம்ளரைக் கவிழ்த்ததில் மிச்சக் காபி அவர் மணிக்கட்டில் வழிந்தது. அதை நக்கிக்கொண்டார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் கதவோரம் நின்று பார்த்தேன். அடுத்த தையில் கல்யாணம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், அவரைப் போன்ற இன்னொருவர் அதை வைத்து ஊர், தெரு, கடைசியில் நாங்கள் இன்னார் என்பது வரை கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கு அவர் அத்தான். அது போதும்.

தென்காசியில் அவருக்கு பெயிண்டும் பைப்பும் விற்கிற கடை. நான் குற்றாலம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் எவர்சில்வர் தட்டு வந்தால் சாப்பாடு விழுவதற்கு முன்னால் அதைத் திருப்பிப் பார்ப்பார். யாராவது கைகொடுத்தால், கையை விடாமல் அவர்களுடைய கடிகாரத்தைப் புரட்டிப் பார்ப்பார். அப்பா இறந்து வீட்டில் கிடத்தியிருந்தபோது, அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவே குனிந்து, குளிர்ப்பெட்டியின் பின்னால் எந்தக் கம்பெனி ஸ்டிக்கர் என்று தேடினார். தேடிக் கண்டுபிடித்துவிட்டு, “நல்ல கம்பெனிதான்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

மனிதர்களையும் இப்படித்தான் கவிழ்த்துப் பார்ப்பார். ‘நீங்க என்ன ஆளுக?’ என்று நேரடியாகக் கேட்கிற ரகமில்லை. முதலில் பெயர். அடுத்து அப்பா பெயர். பிறகு ஊர். ஊரைச் சொன்னதும் முன்னால் சாய்ந்து, குரலை இளக்கி, “அங்கன எந்தப் பக்கம்?” என்பார். எங்கள் சீமையில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். பேரும் ஊரும் மறைத்ததைத் தெரு சொல்லிவிடும். பதில் வந்ததும், ஏப்பம் விட்டவர் முகத்தில் தெரிகிற ஆசுவாசம் அவர் முகத்தில் தெரியும். எதிரில் இருப்பவருக்கு நாற்காலியா, நிற்க வேண்டியதா என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகும்.

சீசனில் சாரல் விழத் தொடங்கியதும் காலையிலேயே ஐந்தருவிக்குக் கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். குளிப்பதில் அவருக்கு அவ்வளவு பிரியம் கிடையாது என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு படியில் உட்கார்ந்து, துண்டோடு நிற்கிற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். பூணூல் இருக்கிறதா, கழுத்தில் என்ன கயிறு, கயிற்றில் என்ன டாலர், கையில் என்ன பச்சை குத்தியிருக்கிறது.

“சட்டையப் போட்டுட்டா எல்லாவனும் ஒண்ணு போலத்தான் தெரியுதான், மாப்ள. இங்கன வந்தாத்தான் ஆளு வெளிய வருதான்” என்று என் காதோடு சொல்வார்.

அருவிக்கு அடியில் யார் பக்கத்தில் நிற்கலாம், யார் தோளில் பட்டுத் தெறிக்கிற தண்ணீர் தன்மேல் படலாம் என்பதிலெல்லாம் அவருக்குத் தீர்மானம் இருந்தது. பிடிக்காத ஆள் வந்தால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நகர்வார். மலைமேலிருந்து அத்தனை பெரிய தண்ணீர் எல்லார் தலையிலும் விழுந்துகொண்டிருக்கும். அதில் நின்றபடியே இந்த மனிதருக்கு அழுக்கு ஒட்டிக்கொண்டுவிடும். நான்கைந்து தடவைக்குப் பிறகு நான் அவரோடு போவதை நிறுத்திவிட்டேன்.

அவர் கார் வாங்கியதும் இந்தப் புத்தியால்தான். வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பிய கடையநல்லூர்க்காரர்கள் பெரிய கார்களில் வந்து அவர் கடை முன்னால் இறங்குவார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டுமென்று, புனலூர் தரகர் ஒருவர் மூலம் கொச்சியிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டே கதவு. தரையில் தவழ்கிற உயரம். கண்ணைக் குத்துகிற மஞ்சள். ஊரிலுள்ள ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் வயிறு உரசியது. ஐம்பதைத் தாண்டிய மனிதர் தொப்பையை எக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி அதற்குள் நுழைவதும், இறங்கும்போது ஒரு காலை ரோட்டில் போட்டு முனகுவதும் பார்க்கச் சகிக்காது.

வந்த சில நாட்களிலேயே புகைய ஆரம்பித்தது. மிதித்தால் விசில் சத்தம். கூடவே பின்னால் நீலப்புகை. மதுரையில் கம்பெனி சர்வீஸில் திறந்து பார்த்துவிட்டு, இந்தக் காரில் டர்போவே வராது, யாரோ வெளியில் வாங்கிப் பொருத்தியிருக்கிறார்கள், நாங்கள் கைவைக்க மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

டர்போ என்பது பெரிய சூட்சுமமில்லை. இஞ்சினிலிருந்து வெளியேறுகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து இஞ்சினுக்குள் திணிக்கும். அந்தத் திணிப்பில்தான் வண்டி பாய்கிறது. தண்டைச் சுற்றி ஓடுகிற ஆயில் கசியாமல் இருக்க இரண்டு பக்கமும் சீல் உண்டு. சீல் தேய்ந்தால் ஆயில் எரிந்து புகையும். புதுசு மாற்றலாம். ஆனால் எந்த டர்போ என்று தெரிந்தால்தான் அதற்குரிய சீலை வாங்க முடியும். வழக்கமாக ஒரு சின்னத் தகட்டில் பெயரும் நம்பரும் அடித்து மேலே பொருத்தியிருப்பார்கள். இதில் தகடு இல்லை. தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. இரும்பு வார்ப்பில் இருந்த எழுத்துகளைக்கூட யாரோ கிரைண்டர் வைத்துத் தேய்த்திருந்தார்கள்.

அத்தானுக்குப் புகையைவிட இதுதான் தாங்கவில்லை. “எவன் செஞ்சான், எங்க உள்ளதுன்னு தெரியாம ஒரு சாமான எப்படி மாப்ள வீட்டுல வச்சிருக்கது?” என்று என் கடைக்கு வந்து புலம்பினார். காரின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தேய்த்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். நகத்தில் கரி ஏறியிருக்கும். அதோடேயே வந்து சாப்பிட உட்காருவார்.

நான்தான் ராஜாவை அத்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ராஜா என் சிநேகிதன். என்னைவிடச் சின்னவன். செங்கோட்டையில் ஷெட் போட்டு, புளியறை வழியாகக் கேரளா போய்வருகிற லாரிகளுக்கு டர்போ பிரித்து மாட்டிக்கொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவான். கொஞ்சம் வாய்க்கொழுப்பு உண்டு. தன்னைவிட்டால் மாவட்டத்தில் டர்போ தெரிந்த ஆள் இல்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அவன் காருக்குள் குனிவதற்கு முன்னால் அத்தான் தொடங்கிவிட்டார்.

“தம்பி பேரு?”

“ராஜா.”

“முழுப் பேரு?”

“ராஜாதான் அண்ணாச்சி.”

எங்கள் பக்கம் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரிலும் ராஜா உண்டு. அத்தான் கொஞ்சம் யோசித்தார். “அப்பா பேரு?”

“தங்கராஜ்.”

அதிலும் ஒன்றும் தேறவில்லை. “எந்த ஊரு?”

“ஆலங்குளம்.”

அத்தான் முன்னால் சாய்ந்தார். “ஆலங்குளத்துல எந்தப் பக்கம்?”

“பஸ் ஸ்டாண்டு பக்கம்.”

“பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம்?”

“பஸ்ஸு நிக்கித பக்கம், அண்ணாச்சி” என்றான் ராஜா. ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு விசாரணை நடந்தது. ராஜா டர்போவைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்துக்கொண்டு, வெர்னியரால் சக்கரங்களை அளந்தான். இறக்கைகளை எண்ணினான். இஞ்சினோடு சேர்கிற இடத்தில் போல்ட் ஓட்டைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தான். படமெடுத்துக் கோயம்புத்தூரில் இருக்கிற கூட்டாளிக்கு அனுப்பினான். அத்தான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ராஜாவை அளந்தார். எந்தக் கோயில் கொடைக்குப் போவீர்கள், வீட்டில் கறி எடுத்தால் என்ன கறி, சொந்தக்காரர்கள் எந்தெந்த ஊரில் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். ராஜா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். எதிலும் பதில் இருக்காது.

மதியமானால் அக்கா ராஜாவைச் சாப்பிடக் கூப்பிடுவாள். அவள் வைக்கிற சொதியை அவன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவான். “அக்கா, இதுக்காகவே டர்போவ மெதுவாப் பாக்கேன்” என்பான். அந்த வீட்டில் அக்கா சமையலை யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அவள் திரும்பி நின்று சிரித்துக்கொள்வாள்.

ராஜாவின் முதல் கணிப்பு தப்பாகிவிட்டது. ஒரு ஜப்பான் கம்பெனி மாடலைச் சொல்லி சீல் வரவழைத்தான். ஒரு பக்கம் பொருந்தியது, மறுபக்கம் பொருந்தவில்லை. “நான் தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. மறுபடியும் பாக்கேன்” என்றான். திரும்பவும் முழுதாகப் பிரித்தான். இரண்டு நாள் கழித்து எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னான்.

“இதுக்குன்னு தனியா ஒரு பேரு கிடையாது அண்ணாச்சி. புகை வார பக்கம் ஜப்பான் பிக்கப் வண்டியோடது. காத்து இழுக்க பக்கம் சீனாக்காரன் செஞ்ச காப்பி. ரெண்டையும் லேத்துல கொடுத்து ஒண்ணாச் சேத்திருக்கான். அதான் நம்பரத் தேய்ச்சிட்டான். சேத்தது தப்பில்ல, நல்லாத்தான் சேத்திருக்கான். பேலன்ஸ் பாக்காம விட்டிருக்கான், அதான் தப்பு. தண்டு ஆடுது பாருங்க. நான் அளவெடுத்து சீலுக்குச் சொல்லிட்டேன். பேலன்ஸ் பாக்கக் கோயமுத்தூருக்கு அனுப்பணும். அதுவரைக்கும் இத மாட்டி வண்டிய எடுக்காதீய. சக்கரம் உரசி ஒடைஞ்சா ஆயிலு பழுத்த இரும்புல ஊத்தும். தீப்பிடிச்சிரும்.”

தீப்பிடிப்பது அத்தானின் காதில் விழவில்லை. “கலப்பா?” என்றார். வாய் கோணியது. எச்சிலைக் கூட்டி முற்றத்தில் துப்பினார். “கலப்புச் சாமானையா அந்தப் புனலூர்க்காரன் என் தலையில கட்டிட்டான்?”

“கலந்தா என்ன அண்ணாச்சி? எங்க வீட்டுலகூட ஓடத்தான் செய்யுது” என்று ராஜா சிரித்தான். எதற்கு அப்படிச் சிரிக்கிறான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் அத்தான் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி ஆலங்குளம் போனார். அங்கே அவருக்குத் தெரிந்த இரும்புக் கடைக்காரர் ஒருவர் உண்டு. சாயங்காலம் போன் செய்து என்னை வரச் சொன்னார். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“தெரிஞ்சிபோச்சி, மாப்ள.”

டர்போவைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். “என்னது?”

“அந்தப் பய யாருன்னு.”

ஆலங்குளத்தில் ஒரு தெருவின் பெயரைச் சொன்னார். அதையும் நான் எழுதப்போவதில்லை. அவர் முகத்தில் ஜெயித்த களையும் அருவருப்பும் ஒன்றாகக் கிடந்தன. “நம்ம தட்டுல தின்னுருக்கான் மாப்ள. உங்க அக்கா வேற அள்ளி அள்ளி வச்சிருக்கா.” அடுக்களைக்குள் போனார். ராஜா சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் அக்காவிடமே கேட்டு வாங்கி, செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரல்களில் பிடித்து, பின்பக்கத்துக் காலி மனையில் எறிந்தார். திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சத்தம் போட்டேன். “உனக்கு உலகம் தெரியாது” என்றார். அக்கா வாயைத் திறக்கவில்லை.

காலையில் ராஜா சீலோடு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அத்தான் தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து, காரின் மூடியைத் திறந்து, அவன் தொட்ட இடத்தையெல்லாம் சோப்பு நுரையடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். சாக்கின் மேல் கிடந்த டர்போ மேலும் தண்ணீர் ஓடியது. பக்கத்தில் ஒரு செம்பில் மஞ்சள் கரைத்த தண்ணீர் இருந்தது.

“இனிமே இங்கன வர வேண்டாம்லே” என்றார், கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தே. அதுவரை ‘தம்பி’யாக இருந்தவன் ‘லே’ ஆகிவிட்டான்.

ராஜாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் அவன் கண் இஞ்சின் மேலேயே இருந்தது. “குழாயெல்லாம் கழட்டித் தொறந்து வச்சிருக்கேன் அண்ணாச்சி. தண்ணி உள்ள போவுது. முதல்ல அத நிறுத்துங்க.”

அத்தான் நிறுத்தவில்லை. செம்பை எடுத்து மஞ்சள் தண்ணீரையும் தெளித்தார்.

அவன் விட்டுப்போன வெர்னியரை எடுத்துக்கொண்டு மறுநாள் செங்கோட்டைக்குப் போனேன். அவனே பேசினான். “உங்க அத்தான் தேடுனது டர்போ நம்பர இல்ல, என் நம்பர. கிடைச்சிட்டுல்லா, விடுங்கண்ணே. மாசத்துக்கு ஒருத்தராவது கேக்கத்தான் செய்யுதாவ.” வெர்னியரைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தான். பிறகு, “அக்கா ஏதாவது சொன்னாவளா?” என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த வேலைக்குக் குனிந்துவிட்டான்.

அத்தான் வேறு யாரையோ பிடித்து டர்போவை அப்படியே திரும்ப மாட்டவைத்தார். பேலன்ஸும் பார்க்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஏற்றிக்கொண்டு புளியறைப் பக்கம் கிளம்பினார். அங்கே நடந்ததை அக்கா எனக்குச் சொன்னாள்.

“செக்போஸ்ட்டு பக்கத்துல போகும்போது கிரீச்சுன்னு ஒரு சத்தம். அப்புறம் முன்னால இருந்து புகை. மூடிக்கு அடியில தீ எரியுதுல. எனக்குக் கதவத் தொறக்கத் தெரியல. ஒரு லாரி டிரைவரு ஓடிவந்து என் கையப் பிடிச்சு இழுத்துப் போட்டாரு. மண்ண அள்ளி அள்ளிப் போட்டு அவருதான் அணைச்சாரு. இன்னும் புகை நிக்கல. அதுக்குள்ள உங்க அத்தான் அவருகிட்ட கேக்காவ, ‘தம்பி எந்த ஊரு, எந்தப் பக்கம்’னு.”

சொல்லிவிட்டு வளையலை மேலே ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டில் அந்த டிரைவர் பிடித்து இழுத்த இடம் கன்றிப்போயிருந்தது.

இதற்குப் பிறகாவது அந்தச் சவத்தை எடைக்குப் போட்டிருக்கலாம். அத்தான் போடவில்லை. விற்கப் பார்த்தார். கருகிய இடத்துக்கு பெயிண்ட் அடித்தார், அவரிடம்தான் கடை இருக்கிறதே. கெட்டியான ஆயிலை ஊற்றினார். கொஞ்ச நாளைக்குப் புகை தெரியாது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற ஆளிடம் ஒரு சின்னத் தகட்டைக் கொடுத்து, பெரிய ஜப்பான் கம்பெனி ஒன்றின் பெயரையும் ஏதோ நம்பரையும் வெட்டி வாங்கி, அந்த இரண்டு ஓட்டையிலும் ஆணியடித்துப் பொருத்தினார். யாருடைய வீட்டு டம்ளர் என்று சபையில் கேட்ட மனிதர், ஊர் பேர் தெரியாத இரும்புக்குத் தானே ஒரு பேர் வைத்தார். எனக்கு அதைக் காட்டிச் சிரிக்க வேறு செய்தார்.

“தீப்பிடிச்ச வண்டி அத்தான். வாங்குதவன் செத்துப்போனா?”

“நம்ம ஆளுகளுக்கா விக்கப் போறேன்? வேற எவனாவது வருவான், மாப்ள.”

வாழ்க்கையில் ஒரு மனிதரைப் பார்த்து நான் அவ்வளவு கூசிப்போனது கிடையாது. யார் வாங்க வந்தாலும் எனக்குச் சொல்லும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டேன்.

வீரகேரளம்புதூரிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். கார் பைத்தியம் என்று கண்ணிலேயே தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தான் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் முடித்து ‘எந்தப் பக்க’த்தில் இருந்தார். பையன் தெருவைச் சொன்னான். அத்தான் முகம் மலர்ந்தது. நாற்காலி வந்தது. அக்காவிடம் காபிக்குச் சொன்னார். பையன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். “நம்ம பிள்ளையால்லா இருக்கீய!”

இனி விற்க மாட்டார் என்று நான் நினைத்தேன். எனக்குத்தான் அறிவில்லை. “நம்ம பிள்ளைன்னுதான் இந்த வெலைக்குத் தாரேன். வெளியாளுன்னா தருவனா?” என்றார்.

“தம்பி, இந்த வண்டி புளியறையில தீப்பிடிச்சது” என்றேன் நான்.

அத்தான் சிரித்தார். “மாப்ளைக்கு எப்பவும் வெளையாட்டு.”

பையன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். “மெக்கானிக் ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன். போன்லயே வேண்டாம்னுதான் சொன்னாவ. எனக்குத்தான் மனசு கேக்கல. நேர்ல வந்து சொல்லுங்கன்னு கூப்பிட்டிருக்கேன்” என்றான்.

பைக்கில் வந்து இறங்கியது ராஜா. அத்தானைப் பார்த்து வணக்கமும் சொல்லவில்லை, முறைக்கவும் இல்லை. நேராகக் காரின் மூடியைத் தூக்கினான். புதுத் தகட்டைக் கட்டைவிரலால் துடைத்துப் படித்தான்.

“பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா டர்போ அது இல்ல” என்றான். “உயிரு வேணும்னா இந்த வண்டி வேண்டாம்.”

அத்தான் பையன் தோளில் இருந்த கையை இன்னும் அழுத்திக்கொண்டார். “நம்ம பிள்ளையா இருந்துக்கிட்டு இவன் சொல்லுதத நம்புதியளே தம்பி! இவன் யாருன்னு தெரியுமா? ஆலங்குளத்துல எந்தத் தெருவுன்னு தெரியுமா?”

“தெரியும் அண்ணாச்சி” என்றான் பையன். “எங்க அக்காவக் கட்டியிருக்காவ. எங்க அத்தான்.”

ராஜா மூடியை இறக்கினான். அப்போதுதான் அத்தானின் கையைப் பார்த்தேன். அது பையனின் தோளிலிருந்து மெல்ல, ஒவ்வொரு விரலாகக் கிளம்பியது. அந்தரத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு இறங்கி வேட்டியில் துடைத்துக்கொண்டது. பையனும் அதைப் பார்த்தான். இருபத்தைந்து வயது இருக்குமா அவனுக்கு? முகம் சிவந்துபோய் எழுந்தான். ராஜா அவன் முதுகில் தட்டி, “வா, போவோம்” என்றான். பைக்கில் இருவரும் போனார்கள். அக்கா காபியோடு வாசலுக்கு வந்தபோது குடிக்க ஆள் இல்லை.

“அவன் உக்காந்த நாற்காலியக் கழுவிப் போடு” என்றார் அத்தான்.

“நீங்களே கழுவுங்க” என்றாள் அக்கா.

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் மறுத்துச் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை. அவர் உண்மையாகவே நாற்காலியைக் குழாயடிக்கு இழுத்துப் போனார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தேங்காய் நாரால் தேய்த்தார். தொப்பை மடிந்து தொங்க, மூச்சு வாங்க, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவர் தேய்த்த தேய்ப்பை என்னால் நின்று பார்க்க முடியவில்லை. கிளம்பினேன். வண்டியை எடுக்கும்போது ஈரக்கையோடு கூப்பிட்டார்.

“மாப்ள, அந்தப் பையனோட அம்மா எந்த ஊருன்னு கேட்டியா?”

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு அவரோடு நான் பேசவே இல்லை. காரைக் கடைசியில் உடைசல் வியாபாரி ஒருவர் இழுத்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

அக்கா மட்டும் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் என் கடைக்கு வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவாள். ஒருநாள் வந்தவள், “ராஜா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறியால?” என்றாள். செங்கோட்டைக்குப் போனோம். ராஜாவின் மனைவிக்கு முதலில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா தானாகவே அடுக்களைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். மீன்குழம்பு. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். ராஜா வாசலில் நின்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது, “அத்தான் கேட்டா என்ன சொல்லுவ?” என்றேன்.

“கேட்டா சொல்லுவேன்.”

அவர் கேட்டிருக்கிறார். கேட்காமல் இருப்பாரா? இவளும் யார் வீடு, என்ன சாப்பிட்டேன் என்பது வரை சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அவர் அவள் கையால் சாப்பிடுவதில்லை. கடைக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் மூன்று வேளையும் சாப்பிடுகிறார், சமையல்காரர் யார், எந்தப் பக்கம் என்று விசாரித்த பிறகு. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆள் இளைத்துவிட்டார் என்று சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். “கஷ்டமா இருக்காக்கா?” என்று கேட்டேன்.

“என்னத்துக்குல கஷ்டம்?” என்றாள். “ஒரு ஆளுக்கு மட்டும் ஆக்குதது எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?”